2009இல் நின்றுபோன வருமான வரம்பு: கல்லூரிச் செலவில் திணறும் குடும்பங்கள்

புது தில்லி: கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் நாடு முழுவதும் வருவாய்த் துறை அலுவலகங்களில் வருமானச் சான்றிதழுக்கான வரிசை நீளத் தொடங்கிவிடும். அந்தச் சான்றிதழில் பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ. 4.5 லட்சத்துக்குள் இருந்தால், அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழிற்கல்வி பயிலும் மாணவரின் கல்விக் கடனுக்குப் படிப்புக் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டு வரையிலும் வட்டி முழுவதையும் மத்திய அரசே செலுத்தும். வருமானம் அதற்கு ஒரு ரூபாய் கூடினாலும் அந்த முழு வட்டி மானியம் கிடையாது.

இந்தக் கோடு கிழிக்கப்பட்டு பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 2009 ஜூலையில் அன்றைய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி தாக்கல் செய்த பட்ஜெட்டில் இந்த வட்டி மானியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பயனடைவர் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. 2009-10 கல்வியாண்டு முதல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஆட்சி மாறியது, திட்டத்தின் பெயர் மாறியது, நிபந்தனைகளும் மாறின. ரூ. 4.5 லட்சம் என்ற வரம்பு மட்டும் மாறவில்லை. 2024 நவம்பரில் பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோதும் முழு வட்டி மானியத்துக்கான வரம்பு அதே இடத்திலேயே விடப்பட்டது.

வட்டி மானியம் என்பது கேட்பதற்குச் சிறிய சலுகையாகத் தோன்றும். ஒரு குடும்பத்தின் மாதாந்திர வரவு - செலவில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும்.

கடைநிலை ஊழியரின் கணக்கு: தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மிகக் கீழ்நிலையில் பணியாற்றும் ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஏழாவது ஊதியக் குழு நிர்ணயித்த குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் ரூ. 18,000. அதே நிலையில் ஒன்பது ஆண்டு ஊதிய உயர்வுகளைப் பெற்றவரின் அடிப்படை ஊதியம் ரூ. 23,500. 2025 ஜூலை முதல் பொருந்திய 58% அகவிலைப்படி ரூ. 13,630. தில்லி போன்ற பெருநகரங்களுக்கான 30% வீட்டு வாடகைப்படி ரூ. 7,050. மொத்தம் ரூ. 44,180. போக்குவரத்துப்படியைச் சேர்க்காமலேயே ஆண்டுக்கு ரூ. 5.3 லட்சம் ஆகிவிடுகிறது. அதாவது, அரசு அலுவலகத்தில் கோப்பு சுமக்கும் ஊழியரின் குடும்பமே அரசின் கல்விக் கடன் மானியத்துக்குத் தகுதியற்ற "வசதி படைத்த" குடும்பமாகிவிடுகிறது. கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பும் வயதில் இருப்பவர் பெரும்பாலும் இதைவிடக் கூடுதல் ஆண்டுகள் பணியாற்றியிருப்பார். எட்டாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகள் நடைமுறைக்கு வரும்போது இந்த இடைவெளி இன்னும் விரியும்.

இந்த ஊழியரின் மகள் பொறியியல் படிப்பில் சேர்கிறார், ஆண்டுக்கு ரூ. 1.5 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு ரூ. 6 லட்சம் கல்விக் கடன் பெறுகிறார் என வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 10%. படிப்புக் காலத்திலும் அடுத்த ஓராண்டிலும் தனி வட்டி கணக்கிடப்படுகிறது. முதல் ஆண்டுத் தவணைக்கு ஐந்தாண்டு வட்டி, இரண்டாம் தவணைக்கு நான்காண்டு என்று கணக்கிட்டால் மொத்தம் ரூ. 2.1 லட்சம். குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்தால் இந்தத் தொகை முழுவதையும் அரசு ஏற்கும். அசல் ரூ. 6 லட்சத்தைப் பத்தாண்டுகளில் திருப்பிச் செலுத்த மாதத் தவணை சுமார் ரூ. 7,930. வரம்பைத் தாண்டிய குடும்பத்துக்கோ வட்டி அசலுடன் சேர்ந்து ரூ. 8.1 லட்சமாகிறது. மாதத் தவணை சுமார் ரூ. 10,700. தந்தையின் ரூ. 44,180 ஊதியத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இது. மகளுக்கு உடனே வேலை கிடைத்தால் சுமை கைமாறும். கிடைக்காவிட்டால் கடனில் கையொப்பமிட்ட தந்தையையே வங்கி தேடி வரும்.

கடன் என்பதும் பெரும்பாலும் கட்டணத்துக்கே போய்விடும். விடுதி, உணவு, பயணம் ஆகியவற்றை மாதச் சம்பளத்திலிருந்தே பார்க்க வேண்டும். மத்திய அரசு ஊழியருக்குப் பிள்ளைகளின் கல்விக்காக ஒரு குழந்தைக்கு மாதம் ரூ. 2,250 என ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி நிர்ணயிக்கப்பட்ட கல்விப்படி 2024 ஜனவரி முதல் ரூ. 2,812.50 ஆக உயர்த்தப்பட்டது. ஆனால், அது பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்துவிடும். செலவு பெருகும் இடத்தில் உதவி நின்றுவிடுகிறது.

மாறிய வரம்புகள்: மற்ற வரம்புகள் இப்படித் தேங்கி நிற்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. இதர பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தோரைப் பிரிக்கும் வருமான வரம்பு 2008இல் இதே ரூ. 4.5 லட்சமாகத்தான் இருந்தது. அது 2013இல் ரூ. 6 லட்சமாகவும், 2017இல் ரூ. 8 லட்சமாகவும் உயர்த்தப்பட்டது. (அந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது என்பது உண்மைதான்.) 2019இல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10% இடஒதுக்கீடு வந்தபோது வரம்பு ரூ. 8 லட்சம் என்றே நிர்ணயிக்கப்பட்டது. ஆண்டுக்கு ரூ. 7 லட்சம் வருமானமுள்ள குடும்பத்து மாணவர் இடஒதுக்கீட்டுக்கு ஏழை. அதே மாணவர் முழு வட்டி மானியத்துக்கு ஏழையல்லர்.

வருமான வரியில் இந்த முரண் இன்னும் கூர்மையானது. 2009-10இல் வரி விலக்கு உச்சவரம்பு ரூ. 1.6 லட்சம். ரூ. 4.5 லட்சம் ஈட்டியவர் அன்று வரி செலுத்தக் கூடியவராக இருந்தார். ஆனாலும் அவரது பிள்ளைக்கு மானியம் உண்டு. 2025-26இல் புதிய வரிமுறையில் ரூ. 12 லட்சம் வரை வரி இல்லை. வரி கேட்கும் அளவுக்கு வருமானமில்லை என்று நிதியமைச்சகம் ஒதுக்கிவைக்கும் குடும்பத்தை, உதவி கேட்க முடியாத அளவுக்கு வருமானம் உண்டு என்று கல்வி அமைச்சகம் திருப்பி அனுப்புகிறது.

மூலதன ஆதாய வரிக் கணக்கீட்டுக்காக மத்திய அரசு ஆண்டுதோறும் விலை உயர்வுக் குறியீட்டு எண்ணை அறிவிக்கிறது. அது 2009-10இல் 148, 2025-26இல் 376. நுகர்வோர் விலை உயர்வில் முக்கால் பங்கை மட்டுமே கணக்கில் கொள்ளும் எண் இது. அதன்படி பார்த்தாலும் அன்றைய ரூ. 4.5 லட்சம் இன்று ரூ. 11.4 லட்சத்துக்குச் சமம். வேறு எந்த ஆய்வும் தேவையில்லை. அரசின் சொந்தக் கணக்கே போதும்.

வரம்பை நேரடியாகக் குறைத்திருந்தால் நாடாளுமன்றத்தில் அமளி ஏற்பட்டிருக்கும். விலைவாசி அதைத் தானாகவே அரித்துத் தின்னும்போது யாரும் குரல் எழுப்புவதில்லை.

அரசுத் தரப்பு வாதம்: ரூ. 4.5 லட்சத்துக்கு மேல் ரூ. 8 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களைக் கைவிட்டுவிடவில்லை என்பது அரசின் பதில். வித்யாலட்சுமி திட்டத்தில் இவர்களுக்கு ரூ. 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3% வட்டிச் சலுகை உண்டு. பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். ரூ. 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு 75% உத்தரவாதத்தை அரசு வங்கிகளுக்கு அளிக்கிறது. 2024-25 முதல் 2030-31 வரை ஏழு ஆண்டுகளுக்கு ரூ. 3,600 கோடி ஒதுக்கப்பட்டுள்ளது. இவை பயனுள்ள ஏற்பாடுகளே என்பதில் ஐயமில்லை. கிராமப்புற வங்கிக் கிளைகளில் கடன் கேட்டு அலைந்தவர்களுக்குப் பிணையற்ற கடனின் அருமை தெரியும்.

ஆனால், யாருக்கு என்ற கேள்வி எழுகிறது. இத்திட்டம் தேசியத் தரவரிசையில் முன்னிலையில் உள்ள நிறுவனங்களுக்கும் மத்திய அரசு நிறுவனங்களுக்கும் மட்டுமே பொருந்தும். தொடக்கத்தில் 860 நிறுவனங்கள் பட்டியலிடப்பட்டன. அவற்றில் பயில்வோர் சுமார் 22 லட்சம் பேர். நாட்டில் உயர்கல்வி பயில்வோர் 4.33 கோடி பேர் என்கிறது 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கை. ஆக, இருபதில் ஒருவர்தான் இத்திட்டத்தின் எல்லைக்குள் வருகிறார். அவர்களிலும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மட்டுமே 3% சலுகை. மேற்சொன்ன ஊழியரின் மகள் பட்டியலில் உள்ள கல்லூரியில் சேர்ந்து, அந்த ஒரு லட்சம் பேரில் ஒருவராகவும் ஆனால் ரூ. 2.1 லட்சம் வட்டியில் ரூ. 63,000 மிச்சமாகும். சாதாரணத் தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தால் எதுவுமில்லை. நல்ல நிறுவனத்தில் இடம் கிடைத்தவரின் வேலைவாய்ப்பு ஓரளவு உறுதியானது. கடன் கழுத்தை நெரிப்பது மற்றவர்களைத்தான்.

கலை, அறிவியல் பட்டப்படிப்பு பயில்வோரின் நிலை வேறு. முழு வட்டி மானியம் தொழிற்கல்விக்கு மட்டுமே என்பதால், வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வரலாறோ பொருளியலோ படிப்பவருக்கு அது கிடையாது. புதிய கல்விக் கொள்கைப்படி 2022-23இல் நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கிய தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2025இல் முதல் அணி நான்காம் ஆண்டை எட்டியது. நான்காண்டு முடித்தவர் முதுநிலைப் படிப்பை ஓராண்டில் முடிக்கலாம் என்பதால் மொத்தக் காலம் கூடவில்லை என்று வாதிடலாம். முதுநிலைக்குப் போகாதவருக்கு மூன்றாம் ஆண்டோடு விலகும் வாய்ப்பும் உண்டு. இருப்பினும், நான்காண்டுப் பட்டமே மதிப்புள்ளது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டால், கமலா நகரிலும் முகர்ஜி நகரிலும் அறை எடுத்துத் தங்கும் பிகார், உத்தரப் பிரதேச மாணவர்களின் பெற்றோர் இன்னும் ஓராண்டு வாடகையைத் தேடியாக வேண்டும்.

இத்தகைய செலவுகளில் அரசு விரைந்து செயல்பட்டதற்கும் உதாரணம் உண்டு. தனியார் விடுதி வாடகைக்கு 12% சரக்கு மற்றும் சேவை வரி பொருந்தும் என்று 2023 ஜூலையில் முன்கூட்டிய தீர்ப்பு ஆணையங்கள் கூறின. மாதம் ரூ. 15,000 வாடகை என்றால் ரூ. 1,800 வரி. எதிர்ப்பு வலுத்தது. தொடர்ந்து 90 நாள் தங்குவோருக்கு மாதம் ரூ. 20,000 வரையிலான வாடகைக்கு வரிவிலக்கு அளிக்க 2024 ஜூனில் ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைத்தது. ஓராண்டுக்குள் தீர்ந்த பிரச்னை அது.

சொந்தச் சேமிப்பே துணை: எந்தத் திட்டத்திலும் இடம் கிடைக்காத குடும்பம் என்ன செய்கிறது? முதலில் நகை அடகுக்குப் போகிறது. அடுத்து வருங்கால வைப்பு நிதி. கல்விக்காகப் பத்து முறை வரை பணம் எடுக்கலாம் என 2025 அக்டோபரில் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. தேசிய ஓய்வூதியத் திட்டத்திலும் பிள்ளைகளின் உயர்கல்விக்காகச் சந்தாதாரர் தனது பங்களிப்பில் 25% வரை எடுக்க வழி உண்டு. தாராளமான விதிகள்தாம். ஆனால், தாராளம் யாருடைய பணத்தில் என்று பார்க்க வேண்டும். பெற்றோரின் முதுமைக்கான தொகைதான் பிள்ளையின் பட்டமாக மாறுகிறது.

வரிச் சலுகையும் கரைந்து வருகிறது. கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை கிடைக்கும் கழிவு பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்போருக்கு மட்டுமே. கடனைத் திருப்பிச் செலுத்தப் பதினைந்து ஆண்டுகள் வரை அவகாசம் தரப்படும் நிலையில், அந்த எட்டு ஆண்டு வரம்பும் பொருத்தமற்றதாகவே இருக்கிறது.

எதிர்க்கட்சிகளின் அணுகுமுறையிலும் குறை உண்டு. 2014 பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட்டில், 2009 மார்ச் 31 வரை பெற்ற கல்விக் கடன்களின் வட்டிச் சுமையை ஏற்க ரூ. 2,600 கோடியை அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் அறிவித்தார். 2021 பேரவைத் தேர்தலில் திமுகவும், 2024 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸும் கல்விக் கடன் தள்ளுபடியை வாக்குறுதியாக அளித்தன. தள்ளுபடி என்பது ஏற்கெனவே கடன்பட்டவர்களுக்கு ஒருமுறை கிடைக்கும் நிவாரணம். அடுத்த ஆண்டு கடன் பெறப்போகும் மாணவருக்கு அதனால் பயனில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தவணை கட்டி முடித்தவருக்கும் இல்லை. வருமான வரம்பை விலைவாசியோடு இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை மேடையில் கைத்தட்டல் பெறாது என்பதால் எந்தக் கட்சியும் அதை முன்னிறுத்தவில்லை.

ஏறக்குறைய ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கல்விக் கடன் குறித்து உறுப்பினர்கள் கேள்வி எழுப்பவே செய்கின்றனர். எத்தனை பேருக்கு, எத்தனை கோடி என்ற பட்டியல் பதிலாக அவையில் வைக்கப்படுகிறது. வரம்பைத் தாண்டியதால் எத்தனை பேர் விண்ணப்பிக்கவே இல்லை என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. கல்வி அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும் ஆண்டுகளில் மட்டுமே இதை விரிவாக எழுப்ப முடியும். வராத ஆண்டுகளில் மற்ற அமைச்சகங்களின் கோரிக்கைகளோடு சேர்த்து விவாதமின்றி மொத்தமாக நிறைவேற்றப்பட்டுவிடும்.

வரம்பை உயர்த்தச் சட்டத் திருத்தம் தேவையில்லை. அமைச்சரவையின் ஒப்புதலும் நிதியமைச்சகத்தின் இசைவும் போதும். கூடுதல் செலவு எவ்வளவு என்பதே தடையாக இருக்குமானால், ரூ. 6 லட்சம், ரூ. 8 லட்சம் எனப் படிப்படியாக உயர்த்தவும், மானியத்தை ஒரேயடியாக வெட்டாமல் வருமானத்துக்கேற்பக் குறைத்துக்கொண்டே செல்லவும் வழி இருக்கிறது. ஐஐடிகளில் 2016இல் ஆண்டுக் கட்டணம் ரூ. 2 லட்சமாக உயர்த்தப்பட்டபோது, ரூ. 1 லட்சத்துக்குக் குறைவான வருமானமுள்ள குடும்பங்களுக்கு முழு விலக்கும், ரூ. 5 லட்சம் வரை மூன்றில் இரு பங்கு விலக்கும் என அடுக்கு முறையே கடைப்பிடிக்கப்பட்டது.

அதுவரை, வருமானச் சான்றிதழில் ரூ. 4.48 லட்சம் என்று எழுதி வாங்க முடியுமா என்று வருவாய்த் துறை அலுவலக வாசலில் இடைத்தரகரிடம் விசாரிக்கும் பெற்றோரையும், உண்மை வருமானத்தை எழுதிவிட்டு மானியத்தை இழக்கும் பெற்றோரையும் ஒவ்வொரு ஜூன் மாதமும் காணலாம்.