வரிசையில் நிற்க முடியாத பிள்ளைக்கும் ராட்டினம் உண்டு

சித்திரை பிறந்தால் நுவரெலியா நம்முடைய ஊராக இருப்பதில்லை. வசந்தகால விழாவுக்கு வரும் வாகனங்கள் கிரகரி வாவியைச் சுற்றி நிரம்பிவிடும். ஆனாலும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ராட்டினம், படகு, குதிரைச் சவாரி, கார்னிவல் எல்லாம் கிடைப்பது அந்த ஒரு மாதத்தில்தான். அப்போதும் ஒரு பிள்ளையை மட்டும் ஆயாவோடு வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம். ஏன் என்று கேட்டால், "அவனுக்கு ஓட்டிசம். லைன்ல நிக்க மாட்டான்" என்கிறார்கள்.

இந்தப் பதிலை நாம் ஏற்க மாட்டோம். பிள்ளையால் நிற்க முடியவில்லை என்றால், மாற வேண்டியது வரிசைதான்.

ஓட்டிசம் அபூர்வமான ஒன்றும் இல்லை. இலங்கையில் நகரை அண்டிய ஒரு பகுதியில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடம் செய்து 2009இல் வெளியான ஆய்வு, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. நம்ம தோட்டத்திலும் அப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். "அடங்காத புள்ள" என்று நாம் பெயர் வைத்திருப்போம், அவ்வளவுதான்.

வரிசை அந்தப் பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முன்னாலும் பின்னாலும் ஆட்கள் இடிக்கிறார்கள். ஜெனரேட்டர் உறுமுகிறது. மரணக்கிணற்றில் மோட்டார் சைக்கிள் அலறுகிறது, ஒலிபெருக்கியில் நாலு பாட்டு ஒன்றாக ஓடுகிறது. இத்தனைக்கும் நடுவில், எப்போது முடியும் என்றே தெரியாமல் நிற்க வேண்டும். "இன்னும் கொஞ்ச நேரம்" என்று நாம் சொல்வது எவ்வளவு நேரம் என்று பல பிள்ளைகளுக்கு விளங்காது. காதைப் பொத்திக்கொண்டு கத்துவது பிடிவாதம் இல்லை. உடம்பு தாங்கவில்லை, அதனால் கத்துகிறது. அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும்: "புள்ளைய வளக்கத் தெரியல." அம்மா தலையைக் குனிந்துகொண்டு பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அடுத்த வருடம் அந்தப் பிள்ளை வீட்டில்தான். நம்மில் தம்பி தங்கைகளோடு போனவர்கள் இதை நேரில் பார்த்தவர்கள்.

வரிசையை ஒழுக்கம் என்று நமக்குச் சொல்லித்தந்தது யார்? நாம் பிறந்த வீட்டுக்கே பெயர் லயம். காலையில் பெரட்டுக்களத்தில் வரிசை, கொழுந்து நிறுக்க வரிசை, டிஸ்பென்சரியில் வரிசை. தலைமுறை தலைமுறையாக நிறுத்தி வைக்கப்பட்ட சனம் நாம். நிற்பதே நல்ல குணம் என்று நம்பவும் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தை வைத்து ஐந்து வயதுப் பிள்ளையை அளக்கக் கூடாது.

"எல்லாரும் நிக்கிறோம், அவங்க மட்டும் முன்னுக்குப் போறது நியாயமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முறை வேறு, வரிசை வேறு. முறை என்றால் யாருக்கு அடுத்து யார் என்பது. அதைக் காக்க வேண்டும். முறை வரும்வரை எல்லாரும் ஒரே இடத்தில் நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் எதற்கு? தனியார் வைத்தியசாலையில் டொக்டரை சனல் பண்ணினால் நம்பர் தருகிறார்கள். நாம் வெளியே போய் பிளேன்டி குடித்துவிட்டு வருகிறோம். யாருடைய முறையும் பறிபோவதில்லை.

டிஸ்னி பூங்காக்கள் செய்வதும் இதுதான். அங்கே முன்பு மாற்றுத்திறனாளிகளுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். காசுக்காரர்கள் மாற்றுத்திறனாளிகளைக் கூலிக்குப் பிடித்து வரிசையைத் தாண்டுவதாக 2013இல் செய்தி வந்தது. அதே வருடம் ஒக்டோபரில் முறையை மாற்றினார்கள். வரிசையில் ஒரு மணி நேரம் ஆகும் என்றால், ஒரு மணி நேரம் கழித்து வரச்சொல்லி நேரம் குறித்துக் கொடுத்தார்கள். பிள்ளையும் காத்திருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். யாரையும் முந்துவதில்லை என்பதால் ஏமாற்றுவதால் வரும் இலாபமும் குறைந்துவிட்டது.

"அது அமெரிக்கா, இங்க நடக்குமா?" நடந்திருக்கிறது. 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் நின்றோமே. ஜூலையில் கியூஆர் வந்தது. வாகன இலக்கத்தின் கடைசி எண்ணுக்கு ஒரு நாள், வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று பிரித்தார்கள். எரிபொருளும் வந்தது, கிலோமீற்றர் கணக்கில் நின்ற வரிசையும் போனது. மோட்டார் சைக்கிளுக்கு முறை வைக்கத் தெரிந்த நாட்டுக்கு ஒரு பிள்ளைக்கு முறை வைக்கத் தெரியாதா?

சட்டமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் போகும் இடத்துக்கு இயலாமையைக் காட்டித் தடையோ நிபந்தனையோ போடக் கூடாது என்கிறது. கட்டணம் வாங்கும் இடங்களுக்கும் இது பொருந்தும். 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் இந்தப் பிள்ளைகளுக்குச் சம இடம் கேட்கிறது. ஆனால் இங்கே வசதி என்றால் சக்கர நாற்காலிக்கு ஒரு சாய்தளம் கட்டுவதோடு கதை முடிந்துவிடுகிறது. சாய்தளம் கட்டாயம் வேண்டும். அதே நேரம், காத்திருக்க முடியாத பிள்ளைக்கு வரிசையும் ஒரு படிக்கட்டுதான்.

ஆகவே அடுத்த சித்திரைக்கு முன்பு நுவரெலியா மாநகர சபையிடமும், ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கார்னிவல் போடுகிறவர்களிடமும் நாம் கேட்பவை இவை. டிக்கெட் கவுண்டரில் ஒரு கொப்பியும் இலக்கத் துண்டும் வையுங்கள், திரும்பி வர வேண்டிய நேரத்தை எழுதிக் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் காலையில் இரண்டு மணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்துங்கள். உட்கார அமைதியான ஒரு மூலை ஒதுக்குங்கள். இதற்குத் தனிக் காசு வாங்காதீர்கள். 2024இல் அடிப்படை நாட்கூலியே 1,350 ரூபாய்தான், பஸ் காசும் டிக்கெட்டும் சேர்ந்தால் அது அப்போதே காலி. சேர்டிபிக்கட்டும் கேட்காதீர்கள். அந்தக் கடதாசிக்காகக் கண்டிக்கும் கொழும்புக்கும் அலைந்து வேலைநாளை இழப்பதும் இதே பெற்றோர்தான்.

வாசிக்கிற உங்களுக்கும் ஒன்று. திருவிழாவில் அன்னதான வரிசையை ஒழுங்குபடுத்துவது நம்ம வயசுப் பொடியன்கள்தான். இலக்கத் துண்டை அங்கேயே ஆரம்பிக்கலாம், எந்தச் சபையின் அனுமதியும் வேண்டாம். ஒரு பிள்ளை கத்தினால் திரும்பிப் பார்த்து முறைக்காமல், "அக்கா, நீங்க அங்கிட்டு ஒக்காருங்க, நம்பர் வந்ததும் நாங்க கூப்புடுறோம்" என்று சொல்லுங்கள். கூப்பிடவும் மறக்காதீர்கள்.