இயந்திரம் தருவார்கள், ஆளைத் தர மாட்டார்கள்

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறையில் 2025 நிதியாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 30,000 ஊழியர்கள் குறைந்துவிடுவார்கள் என்று அதன் செயலர் டக் காலின்ஸ் 2025 ஜூலையில் அறிவித்தார். யாரையும் மொத்தமாக வெளியேற்றத் தேவையில்லை, ஓய்வுபெறுவோர், விலகுவோர் இடங்களை நிரப்பாமல் விட்டாலே போதும், சிகிச்சைக்குப் பாதிப்பு வராது என்றது துறை. அடுத்த மாதமே அத்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை வேறு கதை சொன்னது. கடுமையான ஆள் பற்றாக்குறை முந்தைய ஆண்டைவிட 50% கூடியிருந்தது. உளவியலாளர்கள் போதவில்லை என்று 57% மருத்துவ மையங்கள் தெரிவித்திருந்தன.

இந்த 57 என்ற எண்ணை மனநல நெருக்கடி என்று மட்டும் படித்துவிட்டுப் பலரும் நகர்ந்துவிட்டார்கள். எனக்கு அது தூக்கத்தைப் பற்றிய எண். படைவீரர்களின் தூக்கமின்மைக்கு மாத்திரையைவிட முதன்மையாகப் பரிந்துரைக்கப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை அங்கே அளிப்பவர்களில் உளவியலாளர்களே முக்கியமானவர்கள்.

2000 முதல் 2010 வரை இத்துறையில் சிகிச்சை பெற்ற 97 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு ஒன்று உண்டு. இந்தப் பொருளில் யாரோடு பேசினாலும் அதைத்தான் முதலில் சொல்வேன். பதினோரு ஆண்டுகளில் தூக்கக் கோளாறு கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 1 சதவீதத்துக்கும் கீழிருந்து 6 சதவீதத்தை நெருங்கியது. ஏறக்குறைய ஆறு மடங்கு. கோளாறு உள்ளவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியா, கால்வாசிப் பேருக்குத் தூக்கமின்மை. போர் அதிர்ச்சியால் மனம் பாதிக்கப்பட்டவர்களிடம் தூக்கக் கோளாறு விகிதம் மிக அதிகம். பரிசோதனை பெருகியதால்தான் எண்ணிக்கை பெருகியது என்பார்கள். பெருகட்டுமே, கண்டறியப்பட்டவருக்குச் சிகிச்சை வேண்டாமா? ஆறு மடங்கு நோயாளிகளுக்கு ஆறு மடங்கு ஊழியர்கள் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இருப்பவர்களையாவது விட்டுவையுங்கள் என்கிறேன்.

இந்தச் சிகிச்சையைத் தருகிறவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். ஆப்னியாவுக்குத் தரப்படும் சிபாப் இயந்திரம் முகமூடி வழியாக இரவு முழுக்கக் காற்றைச் செலுத்துகிறது. குண்டுவெடிப்பில் மூச்சுத் திணறித் தப்பிய ஒருவருக்கு முகத்தை மூடும் எதுவும் பீதியைக் கிளப்பலாம். போர் அதிர்ச்சி உள்ளவர்கள் இந்த இயந்திரத்தைக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள் என்பது ஆய்வுகளில் தெரியவந்த ஒன்று. பகலில், விழித்திருக்கும்போது, ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று முகமூடியை அணியவைத்துப் பழக்க ஓர் ஆள் வேண்டும். எத்தனை மணி நேரம் அணிந்தார், எங்கே காற்று கசிந்தது என்ற விவரத்தை இயந்திரமே அனுப்பிவிடும். அதைத் திறந்து பார்த்து, தொலைபேசியில் கூப்பிட்டு, “முகமூடி அளவு சரியில்லை, மாற்றித் தருகிறேன்” என்று சொல்ல சுவாச சிகிச்சையாளரோ செவிலியரோ இருக்க வேண்டும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் இயந்திரங்களில் இருந்த நுரைப்பஞ்சு சிதைகிறது என்று லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றபோது, பயந்துபோன படைவீரர்களுக்குப் பதில் சொன்னவர்களும் இவர்கள்தான்.

லாஸ் ஏஞ்சலிஸ் படைவீரர் மருத்துவ மையத்தில் கேத்தி அலெஸ்ஸி தலைமையில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு இன்னும் முக்கியமானது. அறுபது வயதைக் கடந்த, தூக்கமின்மையால் அவதிப்பட்ட 159 படைவீரர்கள் அதில் பங்கேற்றார்கள். அவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர்கள் மருத்துவரோ உளவியலாளரோ அல்லர். சமூகப் பணி, பொதுச் சுகாதாரம் போன்ற துறைகளில் முதுகலை படித்து, இதற்கெனப் பயிற்சி பெற்ற தூக்கப் பயிற்சியாளர்கள். ஒரு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வுகள். தூக்கம் வராதபோது படுக்கையை விட்டு எழு, படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறை, தினமும் தூக்கக் குறிப்பு எழுது, இவ்வளவுதான் பாடம். ஓராண்டு கழித்தும் பலன் நீடித்தது. அப்படியானால் உளவியலாளர் எதற்கு என்று ஆட்குறைப்பை ஆதரிப்பவர்கள் இந்த ஆய்வையே தங்களுக்குச் சாதகமாகக் காட்டக்கூடும். அந்தப் பயிற்சியாளர்களை வாரந்தோறும் தொலைபேசியில் வழிநடத்தியவர் ஓர் உளவியலாளர் என்பதையும் அவர்கள் சேர்த்துப் படிக்க வேண்டும். அவரை எடுத்துவிட்டால் கீழே உள்ள அனைவரும் திசை தெரியாமல் நிற்பார்கள்.

ஆனால் அமெரிக்காவில் இப்போது விவாதம் எதைப் பற்றி நடக்கிறது? பணத்தைப் பற்றி. சிபாப் தேவைப்படும் ஆப்னியாவுக்கு 50% ஊனமதிப்பு, தனி ஆளுக்கு 2025 கணக்கில் மாதம் சுமார் 1,100 டாலர் இழப்பீடு. பொய் சொல்லி வாங்குகிறார்கள் என்ற கூச்சல் ஓயவில்லை. மதிப்பைக் குறைக்க 2022இலேயே துறை முன்மொழிந்தது. ஏமாற்றுபவர் இருந்தால் பிடித்துத் தண்டியுங்கள். அதற்கும் முகமூடி பழக்கும் ஊழியரின் வேலைக்கும் என்ன தொடர்பு? வெளி மருத்துவமனைக்கு அனுப்பலாமே என்பது அடுத்த வாதம். 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறப்பு மருத்துவத்துக்கு 28 நாளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தாலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்ய நேர்ந்தாலோ அனுப்புகிறார்கள். வெளியே பரிசோதனை நடக்கும், இயந்திரமும் கிடைக்கும். இராக் போரில் ஃபலூஜாவில் பார்த்ததைக் கனவில் கண்டு எழுபவரிடம் பேச அங்கே ஆள் இருக்காது.

தலைமை ஆய்வாளர் அறிக்கை மருத்துவ மையங்களின் கருத்தைத்தான் தொகுத்தது, உண்மையான காலியிடங்களை எண்ணவில்லை என்று துறை மறுத்திருக்கிறது. நோயாளியை எதிரே வைத்துக்கொண்டிருக்கும் மையங்கள் ஆள் போதவில்லை என்று சொல்வதைவிடப் பெரிய சான்று வேறு எது? 2022இல் மட்டும் 6,407 முன்னாள் படைவீரர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். தூக்கமின்மை தற்கொலை அபாயத்தைக் கூட்டுகிறது என்பதை அத்துறையின் ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டே பணியிடத்தைக் காலியாக விடுவது சிக்கன நடவடிக்கை ஆகாது, உயிரோடு விளையாடுவது. இந்தப் போக்கு நீடித்தால் பத்தாண்டுகளில் அரசு நடத்தும் தூக்க மருத்துவம் மறைந்து, தனியாருக்குப் பணம் பட்டுவாடா செய்யும் அலுவலகம்தான் மிஞ்சும். அதுவே ஆட்குறைப்பை நடத்துபவர்களின் நோக்கம் என்றும் நான் கருதுகிறேன்.

அமெரிக்க நாடாளுமன்றம் காலின்ஸிடம் மையம் வாரியாக ஒரு பட்டியல் கேட்க வேண்டும்: தூக்க ஆய்வக நுட்பர்கள், சுவாச சிகிச்சையாளர்கள், தூக்கமின்மைச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற உளவியலாளர்கள், இவர்களில் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள்? அது மேசைக்கு வரும்வரை ஒரு பணியிடத்தைக்கூட ரத்துசெய்ய அனுமதிக்கக் கூடாது.