நோயுற்றவரின் நாளை அளப்பவர் யார்?

நெடுநாளாய்ப் படுக்கையிற் கிடக்கும் ஒருவரைக் காணச் செல்கிறோம். கொண்டுபோன பழங்களை வைத்துவிட்டுக் கட்டிலருகே சற்று நிற்கிறோம். வெளியே வந்ததும், சில வேளைகளில் அவருடைய காதில் விழும் தொலைவிலேயே, "இப்படிக் கிடப்பதைவிட ஆண்டவர் எடுத்துக்கொண்டால் நல்லது" என்று சொல்லிவிடுகிறோம். இரக்கத்தினின்று எழும் சொல்தான் அது. எனினும் அதற்குள் ஒரு தராசு மறைந்திருக்கிறது. பிறருடைய வாழ்வை அத்தராசில் இட்டு, சாவைக் காட்டிலும் அது எடை குறைந்தது என்று நாம் தீர்ப்பிட்டு விடுகிறோம்.

இத்தகைய தீர்ப்புகளை எண்களாக மாற்றும் ஒரு முறை இன்று மருத்துவப் பொருளியலில் வேரூன்றி நிற்கிறது. பல நாடுகளில், எந்த மருந்துக்கு அரசு பணம் செலவிடலாம் என்பதை முடிவுசெய்ய அவ்வெண்கள் உதவுகின்றன. ஆகவே கிறிஸ்தவக் குடும்பங்களாகிய நாமும் அதைச் சற்று அறிந்து வைத்திருப்பது நலம்.

முறை எளியதே. கனடா நாட்டின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் டாரன்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் 1972-இல் அதனை வெளியிட்டனர். ஒரு நோய்நிலையை விவரித்து, "இந்நிலையில் 10 ஆண்டுகள் வாழ்வதா, முழு நலத்துடன் அதனினும் குறைந்த ஆண்டுகள் வாழ்வதா?" என்று வினவுவர். முழு நலத்துடன் 8 ஆண்டுகளும், நோயுடன் 10 ஆண்டுகளும் தமக்குச் சமமே என்று ஒருவர் சொன்னால், அந்நிலையின் மதிப்பு 0.8 ஆகும். முழு நலத்துக்கு 1, சாவுக்கு 0. ஒரு சிகிச்சை 0.6 மதிப்புள்ள நிலையில் 5 ஆண்டு வாழ்வைத் தருமாயின், அதன் பயன் முழு நலமுள்ள 3 ஆண்டுகளுக்கு ஈடாகக் கணக்கிடப்படும். இவ்வாறு தரத்தையும் காலத்தையும் பெருக்கி வரும் அளவையே 'குவாலி' என்கின்றனர்.

இதன் நோக்கத்தைக் குறைகூற வேண்டுவதில்லை. காத்த உயிர்களை மட்டுமே எண்ணினால், கண்புரை அறுவையும் மூட்டு மாற்று அறுவையும் கணக்கில் ஏறா. அவை ஆயுளை நீட்டுவதைவிட வாழ்வுக்கு ஒளியும் நடையும் தருவன. வலியால் துடிப்பவனின் வேதனையும் ஓர் இழப்பே என்பதை அரசின் ஏட்டில் ஏற்றியது இம்முறையின் நற்பயன். 1987-இல் தோன்றிய யூரோக்வால் என்ற ஆய்வுக்குழு வகுத்த வினாத்தாள் நடமாட்டம், தன்னைப் பேணுதல், அன்றாட வேலை, வலி, கவலை ஆகிய ஐந்தையும் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகள் வைக்க, 3,125 நிலைகள் விளைகின்றன.

நம் நாட்டிலும் 5 மாநிலங்களில் 3,548 பேரை வினவி அமைத்த மதிப்புப் பட்டியல் 2022-இல் வெளியாயிற்று. அதில் மிகக் கடுமையான நிலைக்குக் கிடைத்த மதிப்பு 0-வுக்கும் கீழே, –0.923. அதாவது, அப்படி வாழ்வது சாவினும் கொடிது என்பதே விடை கூறியோரின் பொதுக் கணிப்பு.

இங்குதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். இத்தகைய பட்டியல்களுக்கு விடை கூறுவோர் பொதுமக்கள். அவர்களுள் பெரும்பாலோர் அந்நிலையில் வாழ்ந்தவரல்லர். கற்பனை செய்து பார்ப்பவரே. ஆய்வாளர் இருவர் 1999-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கடுமையான அல்லது நடுத்தரமான ஊனமுடையோருள் 54 விழுக்காட்டினர் தம் வாழ்வு நன்றாகவோ மிக நன்றாகவோ இருப்பதாகக் கூறினர். வெளியே நிற்பவன் காணும் இருளும், உள்ளே வாழ்பவன் அறியும் ஒளியும் வேறு வேறு என்பது இதனால் விளங்கவில்லையா?

மற்றோர் ஆபத்தும் உண்டு. நலமுள்ள ஒருவனுக்கு 10 ஆண்டு வாழ்வைக் காத்தால் கணக்கில் 10 ஏறும். மதிப்பு 0.5 என்று குறிக்கப்பட்ட ஊனமுற்ற ஒருவனுக்கு அதே 10 ஆண்டுகளைக் காத்தால் 5 மட்டுமே ஏறும். பிழைத்தவர் இருவர், வரவு மட்டும் பாதியாகிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் ஏழைகளுக்கான சிகிச்சைகளை வரிசைப்படுத்தியபோது, மக்களின் இத்தகைய மதிப்பீடுகளையும் சேர்த்துக்கொண்டது. ஊனமுற்றோருக்கு அநீதி நேரும் என்று கூறி மத்திய அரசு 1992-இல் அத்திட்டத்தை மறுத்தது. மாநிலம் திட்டத்தைத் திருத்திய பின்னரே 1993-இல் ஒப்புதல் கிடைத்தது.

திருச்சபையும் இவ்விடத்தில் எச்சரிக்கிறது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020-இல் வெளியிட்ட 'சமாரித்தானுஸ் போனுஸ்' என்னும் மடல், வாழ்வின் தரத்தையே அளவுகோலாக்கி, ஓர் உயிர் காக்கத்தக்கதா என்று முடிவுசெய்யும் போக்கைக் கண்டிக்கிறது. அதே மடல், நோயாளியின் வேதனையைத் தணிக்கும் பராமரிப்பை வலியுறுத்துகிறது. சிகிச்சையால் எவ்வளவு துயர் தீரும் என்பதை அளக்கலாம், அளக்கவும் வேண்டும். இறைச்சாயலாகப் படைக்கப்பட்ட மனிதனின் மாண்பை அளக்கும் கோல் எவர் கையிலும் தரப்படவில்லை. நல்ல சமாரியன் வழியில் கிடந்தவனின் காயத்தைத்தான் பார்த்தான். அவன் பிழைத்தெழுந்து எவ்வளவு பயன்படுவான் என்று கணக்கிடவில்லை.

ஆகவே, அந்த வினாத்தாளின் ஐந்து கேள்விகளையும் நம் இல்லங்களில் நல்வழியில் பயன்படுத்துவோம். முதல் வெள்ளியன்று நற்கருணை வரும் வீடாயினும், அடுத்த தெருவில் தனித்துக் கிடக்கும் முதியவராயினும், அவரிடமே கேட்போம். எழுந்து நடக்க ஒரு கை வேண்டுமா? குளிக்கவும் உடுத்தவும் யார் உதவுகிறார்? செய்ய விரும்பியும் முடியாத வேலை எது? வலி எங்கே? மனத்தை அழுத்துவது எது? விடைகளைக் கூட்டிப் பெருக்க வேண்டா. ஒவ்வொரு விடைக்கும் நம்மால் இயன்ற ஒரு செயலைச் செய்தால் போதும். வலி என்றால் மருத்துவரிடம் சொல்லி மருந்து பெறுவோம். தனிமை என்றால் அரைமணி நேரம் அமர்ந்திருப்போம்.

நோயுற்றவரே களைத்துப்போய், "போதும், ஆண்டவர் எடுத்துக்கொள்ளட்டும்" என்று சொல்வதுண்டு. அதைக் கேட்டு நாம் தலையசைத்து விடலாகாது. பல வேளைகளில் அச்சொல்லின் உட்பொருள், "உங்களுக்கு நான் பாரமாகிவிட்டேனோ?" என்ற கேள்வியே. அதற்கு உரிய விடையை நம் சொல்லைக் காட்டிலும் நம் வருகை தெளிவாகத் தரும்.

இம்மாதம் நாம் ஒவ்வொருவரும் ஒரு நோயாளியின் கட்டிலருகே, தராசை வாசலிலேயே விட்டுவிட்டுச் சென்று அமர்வோமாக.