முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒன்பதரை சென்டிமீட்டர்

1968 அக்டோபரில் மெக்சிகோ நகர ஒலிம்பிக் திடலில் நடந்ததை விளையாட்டு உலகம் இன்னும் பேசி முடிக்கவில்லை. நீளம் தாண்டுதலில் பாப் பீமன் 8.90 மீட்டர் பறந்தார். நூறு மீட்டரில் ஜிம் ஹைன்ஸ் 9.95 விநாடி, இருநூறில் டாமி ஸ்மித் 19.83, நானூறில் லீ எவன்ஸ் 43.86. எல்லாமே உலக சாதனைகள். அதே ஓடுதடத்தில், அதே நாள்களில், பெரிய ஆரவாரம் இல்லாமல் இன்னொரு நேரமும் பதிவானது: 10.38 விநாடி. ஓடியவர் சிங்கப்பூரைச் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியர் சி. குணாளன். அவர் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை, பதக்கமும் இல்லை. நாடு திரும்பியபோது கையில் இருந்தது ஒரு தேசிய சாதனை மட்டும்தான்.

இவற்றில் எது அதிக நாள் நிலைத்தது என்று கேட்டால் பெரும்பாலோர் பீமனைத்தான் சொல்வார்கள். ஸ்மித்தின் நேரத்தை 1979இல் இத்தாலியின் பியத்ரோ மென்னேயா தாண்டினார். ஹைன்ஸின் நேரம் 1983இலும் எவன்ஸின் நேரம் 1988இலும் வீழ்ந்தன. இனி யாராலும் முடியாது என்று சொல்லப்பட்ட பீமனின் தாவலையே 1991இல் மைக் பவல் மிஞ்சிவிட்டார். குணாளனின் 10.38 மட்டும் 2001 செப்டம்பர் வரை அசையவில்லை. ஏறத்தாழ 33 ஆண்டுகள். பீமனைவிடப் பத்தாண்டு கூடுதல்.

அதை முறியடித்தவர் யு.கே. ஷியாம். கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் அவர் 10.37 விநாடியில் ஓடினார். நூறில் ஒரு பங்கு விநாடிதான் வித்தியாசம். அந்த வேகத்தில் ஓடும் ஒருவர் அவ்வளவு நேரத்தில் கடக்கும் தூரம் ஏறக்குறைய ஒன்பதரை சென்டிமீட்டர். உள்ளங்கையை விரித்து வைத்தால் அதன் அகலம் அவ்வளவு இருக்கும். 33 ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டர்கூட வராது. இதே காலத்தில் நூறு மீட்டர் உலக சாதனை 9.95இலிருந்து 9.79க்கு வந்திருந்தது. தூரத்தில் சொன்னால் ஒன்றரை மீட்டருக்கும் மேல்.

ஷியாமின் நேரம் அடுத்த 22 ஆண்டுகள் நின்றது. 2023இல்தான் மார்க் பிரையன் லூயிஸ் 10.27 ஓடி அதைத் தாண்டினார். 1968 முதல் 2023 வரையிலான 55 ஆண்டுகளில் சிங்கப்பூரின் நூறு மீட்டர் சாதனைப் பட்டியலில் இரண்டே முறைதான் பெயர் மாறியது.

குணாளனின் சொந்தக் கணக்கு இதைவிட விசித்திரமானது. 1942இல் மலாயாவின் பேராக் மாநிலத்தில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். இளவயதில் அவருடைய விளையாட்டு காற்பந்து. அவருடைய கால்வேகத்தைப் பார்த்து ஓட்டத்துக்கு இழுத்து வந்தவர் பயிற்றுவிப்பாளர் டான் எங் யூன். அப்போது குணாளனுக்கு வயது 21. இன்று அந்த வயதில் ஒரு பையன் வந்து "ஓடக் கற்றுக்கொள்ளலாமா" என்று கேட்டால், நேரம் கடந்துவிட்டது தம்பி என்று முதுகைத் தட்டி அனுப்பிவிடுவார்கள். குணாளனோ அடுத்த ஆண்டே தோக்கியோ ஒலிம்பிக்கில் நின்றார். அதுவும் மலேசியாவுக்காக. 1964இல் சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு பகுதி. நான்கு ஆண்டு கழித்து மெக்சிகோவில் அவர் நெஞ்சில் இருந்தது வேறு கொடி. முதல் பாடத்திலிருந்து தேசிய சாதனை வரை அவருக்குத் தேவைப்பட்டது ஏறத்தாழ ஐந்து ஆண்டு. அதைத் தாண்ட நாட்டுக்குத் தேவைப்பட்டது 33.

அவருடைய போட்டியாளரையும் சொல்லாமல் விட முடியாது. 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுகளின் நூறு மீட்டர் இறுதியில் குணாளனும் மலேசியாவின் மணி ஜெகதீசனும் கோட்டைத் தொட்டபோது யார் முதல் என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. புகைப்படத்தைப் பார்த்துத் தங்கத்தை ஜெகதீசனுக்குக் கொடுத்தார்கள், வெள்ளி குணாளனுக்கு. ஜெகதீசன் சிங்கப்பூரில் மருத்துவம் படித்தவர். அவரும் மெக்சிகோ போனார். இருநூறு மீட்டர் அரையிறுதியில் 20.92 விநாடி ஓடினார். மலேசியாவில் அந்த நேரம் 2017 வரை நின்றது. 49 ஆண்டுகள்! கடைசியில் அதைத் தாண்டிய கைருல் ஹஃபிஸ் ஜந்தான் ஓடியது 20.90. வித்தியாசம் நூறில் இரண்டு பங்கு. ஜொகூர் பாலத்தின் இரு பக்கமும் கதை ஒன்றுதான்.

இந்த எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் கூடாது. குணாளன் ஓடத் தொடங்கிய காலத்தில் உள்ளூர்ப் போட்டிகளில் நேரம் கணித்தது கையால் அழுத்தும் நிறுத்து கடிகாரம். முடிவுக் கோட்டின் ஓரத்தில் படிக்கட்டு போன்ற ஒரு மேடை இருக்கும். அதில் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருக்கக் கூடாது, புகையைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது அவர்களுக்குப் பாடம். ஒலி நூறு மீட்டரைக் கடந்து வர ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விநாடி ஆகும் என்பதே காரணம். ஓர் ஓட்டக்காரருக்கு மூன்று கடிகாரம். மூன்றும் வேறுபட்டால் நடுவில் உள்ள நேரமே கணக்கு. இவ்வளவு கவனமாகச் செய்தாலும் மனித விரல் தாமதமாகவே தொடங்கும். அதனால் நிறுத்து கடிகார நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிடும்போது நூறு மீட்டருக்கு 0.24 விநாடி கூட்டிக்கொள்வது வழக்கம். நூறில் ஒரு பங்குக்காக 33 ஆண்டு காத்திருந்த கதையில் 0.24 என்பது ஒரு யுகம். குணாளனின் 10.38 மின்னணுக் கருவி அளந்த நேரம். இத்தனை காலம் கழித்தும் அதை மற்றவற்றோடு ஒப்பிட முடிவது அதனால்தான். 1977 முதல்தான் குறுந்தூர ஓட்டங்களின் உலக சாதனைகளுக்கு மின்னணு நேரம் கட்டாயமானது.

இன்னொரு பக்கமும் உண்டு. மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. முகத்தில் மோதும் எதிர்ப்பும் குறைவு. நெடுந்தூர ஓட்டக்காரர்கள் அங்கே மூச்சுக்குத் திணறினார்கள், குறுந்தூரக்காரர்களுக்கோ அது வரம். நூறு மீட்டரில் இந்த உயரம் நூறில் சில பங்கு விநாடி உதவியிருக்கும். ஷியாம் ஓடிய கோலாலம்பூர் நூறு மீட்டர் உயரத்தில்கூட இல்லை. அப்படியானால் அவருடைய ஓட்டம் ஏடுகள் சொல்லும் ஒன்பதரை சென்டிமீட்டரைவிட மேலானது. ஷியாமுக்கு உரிய மரியாதை முழுதாகக் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். தனது சாதனையைவிட அவர் வீழ்த்திய சாதனையால் நினைக்கப்படுவது ஒரு விதத்தில் பாவம்தான்.

தேக்கா பக்கம் கோப்பிக்கடைகளில் மூத்தவர்கள் குணாளனைப் பற்றிப் பேசும்போது குரலில் பெருமை வந்து உட்கார்ந்துகொள்ளும். அதில் தவறில்லை. ஆண்டின் சிறந்த விளையாட்டாளர் விருதை இரண்டு முறை பெற்றவர்; பிறகு தேசியக் கல்விக் கழகத்தில் உடற்கல்வி விரிவுரையாளராக எத்தனையோ ஆசிரியர்களை உருவாக்கியவர். ஆனால் 33 என்ற எண்ணை அவருக்குச் சூட்டிய மாலையாக மட்டும் பார்ப்பது தப்பு. 10.38 என்ற நேரம் அவர் உழைப்பு. 33 என்ற எண் மற்றவர்கள் விட்ட குறை. உலக சாதனைகள் வீழ்ந்தன, ஏனென்றால் உலகம் ஓடிக்கொண்டிருந்தது. நம்முடைய சாதனை வீழவில்லை, ஏனென்றால் நாம் நின்றுவிட்டோம்.

"சிறிய நாடு, என்ன செய்ய முடியும்" என்ற சமாதானம் இங்கே செல்லாது. 1968இல் சிங்கப்பூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 20 இலட்சம். 2001இல் 41 இலட்சம். ஆள்பலம் இரட்டிப்பாகிவிட்டது. வசதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1973இல் கல்லாங்கில் தேசிய விளையாட்டரங்கம் எழுந்தது. அதன் பிறகு வட்டாரத்துக்கு வட்டாரம் செயற்கைத் தளத்தோடு ஓடுதடங்கள் வந்தன. குணாளன் பழகிய தடத்தில் ஓட இன்றைய உயர்நிலைப்பள்ளி மாணவர் தயங்குவார். எல்லாம் பெருகியபோது பெருகாத ஒன்று உண்டு. 19 வயதிலிருந்து 26 வயதுவரை விடாமல் ஓடுகிறவர்கள்.

பெண்கள் பக்கம் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1973இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளில் இருநூறு மீட்டர் தங்கம் வென்றவர் குளோரி பர்னபாஸ். அவரும் ஆசிரியர்தான். முப்பதைத் தாண்டிய வயதில் பர்மாவின் தான் தானை அவர் முந்தியதைப் புகைப்படம்தான் உறுதி செய்தது. அடுத்து அந்தத் தங்கம் சிங்கப்பூருக்கு வந்தது 2015இல், சாந்தி பெரேராவின் கால்களில். இடையே 42 ஆண்டு.

சாந்தியின் எண்கள்தான் இந்த வாதத்துக்கே ஆதாரம். 2015இல் அவர் இருநூறு மீட்டரை 23.60 விநாடியில் ஓடினார். 2022 மே மாதம் ஹனோயில் 23.52. ஏழு ஆண்டில் முன்னேற்றம் 0.08 விநாடி. பிறகு பதினைந்தே மாதத்தில், 2023 ஆகஸ்டில், புடாபெஸ்ட் உலக வெற்றியாளர் போட்டியில் 22.57. அதாவது 0.95 விநாடி பாய்ச்சல். அதே ஆண்டு ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகளில் அவர் இருநூறு மீட்டர் தங்கமும் வென்றார். 1974இல் சீ சுவீ லீ நானூறு மீட்டரில் வென்ற பிறகு திடல்தடத்தில் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் ஆசிய விளையாட்டுத் தங்கம் அது. 26, 27 வயதில் ஒருவர் திடீரென்று வேறு உடம்பு எடுப்பதில்லை. படிப்புச் சுமை இறங்கியது, ஓட்டமே முழுநேர வேலையானது, போர்ச்சுகலைச் சேர்ந்த லூயிஸ் குன்யா என்ற பயிற்றுவிப்பாளர் உடனிருந்தார்.

ஆண்களின் பின்னடைவுக்குத் தேசிய சேவைதான் காரணம் என்பது வழக்கமான பேச்சு. பாதி உண்மை. பதினெட்டில் தொடங்கும் இரண்டு ஆண்டு சேவை, குறுந்தூர ஓட்டக்காரரின் தசைகள் முற்றும் காலத்தில் வந்து விழுகிறது. நீச்சல்வீரர் ஜோசஃப் ஸ்கூலிங்குக்குச் சேவையைத் தள்ளிப்போட அனுமதி கிடைத்தது. 2016 ரியோவில் 50.39 விநாடியில் தங்கம் கிடைத்தது. ஆனால் தள்ளிப்போடும் சலுகை ஒலிம்பிக் பதக்க வாய்ப்பு உள்ளவர்களுக்குத்தான். பதினெட்டு வயதிலேயே அந்த வாய்ப்பைக் காட்டும் நீச்சல்வீரர்கள் உண்டு, குறுந்தூர ஓட்டக்காரர்கள் மிக அரிது. குணாளன் அந்த வயதில் ஓடவே தொடங்கவில்லை.

ஆனால் சாந்திக்குத் தேசிய சேவை இல்லை, அவரும் ஏழு ஆண்டு தேங்கினார். பல்கலைக்கழகத்துக்குப் போனதும் காலணியைக் கழற்றிவிடுவது இங்கே எழுதப்படாத சட்டம். தொடக்கக்கல்லூரி இறுதியாண்டில் துணைப்பாட வகுப்பும் பயிற்சியும் ஒரே மாலையில் மோதினால் எது விட்டுக்கொடுக்கும் என்று எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். தமிழ்ப் பெற்றோர் இதில் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர்.

இடப் பிரச்சினையும் சேர்ந்துகொள்கிறது. லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் திடல் 1843 முதல் 1933 வரை குதிரைப் பந்தயத் திடல். ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பெயர் வந்ததே அதனால்தான். குதிரைகள் புக்கிட் தீமாவுக்குப் போன பிறகு மனிதர்கள் அங்கே ஓடினார்கள், பந்து உதைத்தார்கள், குத்துச்சண்டை பழகினார்கள். அங்கே ஏறத்தாழ 1,600 வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகள் வரும் என்று 2021இல் அறிவிப்பு வந்தது. விளையாட்டு வசதிகளும் கூடவே இருக்கும் என்கிறது திட்டம். வீடு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனாலும் ஒரு திடலைச் சுற்றிக் குடியிருப்பு எழுந்தால், கேள்வி கேட்காமல் உள்ளே நுழைந்து ஓடிவிட்டுப் போகும் அந்தச் சுதந்திரம் மெல்லக் குறையும். இரவு ஒன்பது மணிக்கு விசில் ஊதினால் யாராவது புகார் கொடுப்பார்கள்.

சாதனை நேரங்கள் எல்லார் விரல்நுனியிலும் இருக்கின்றன. தேவைப்படுவது இன்னொரு எண். தேசியப் பள்ளிகள் திடல்தடப் போட்டியில் நூறு மீட்டர் இறுதிக்கு வரும் எட்டுப் பேரில், ஐந்து ஆண்டு கழித்தும் போட்டிகளில் ஓடுபவர்கள் எத்தனை பேர்? ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கு. விட்டுப்போனவர்கள் எந்த வயதில், எதற்காக விட்டார்கள் என்ற விவரமும் சேர்ந்தால் நல்லது. போட்டி முடிவுகள் எல்லாம் ஏற்கனவே பதிவில் இருப்பதால் இதற்குப் புதிய நிதியோ புதிய குழுவோ வேண்டியதில்லை. ஸ்போர்ட் சிங்கப்பூரும் கல்வி அமைச்சும் சிங்கப்பூர் திடல்தடச் சங்கமும் சேர்ந்து ஆண்டுதோறும் அதை வெளியிடலாம். மார்க் லூயிஸின் 10.27 இன்னும் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதைக் கணிக்க அந்தப் பட்டியலே போதும்.