பால் உறைந்தது என்று யார் சொல்வது?

சீஸ் தொட்டியில் ஒளி உணரி வைப்பது நல்லது என்று நான் சொன்னால், என்னோடு பால்பண்ணையில் வேலை பார்த்த நண்பர்கள் சிலருக்குப் பிடிக்காது. "கைக்குத் தெரியாதது விளக்குக்குத் தெரிந்துவிடுமோ?" என்பார்கள். நான் விளக்கின் கட்சி.

சுமார் 30 டிகிரி சூட்டில் இருக்கும் பாலில் ரென்னெட் சேர்த்தால், அரை மணி, முக்கால் மணியில் கெட்டித் தயிர் போல உறைந்துவிடும். அதைப் பதம் பார்த்துச் சிறு துண்டுகளாக வெட்ட வேண்டும். அவசரப்பட்டால் கட்டி நொறுங்கி, கொழுப்பு தெளிநீரோடு ஓடிவிடும். தாமதித்தால் இறுகிப்போய் நீர் சரியாக வடியாது. ஒரு கிலோ செடாருக்குச் சுமார் 10 லிட்டர் பால் வேண்டும். ஓடுகிற கொழுப்பெல்லாம் காசு.

கத்தியையோ விரலையோ சாய்வாக நுழைத்துத் தூக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். வீட்டில் தயிர் தோய்ந்ததா என்று கிண்ணத்தைச் சாய்த்துப் பார்ப்போமே, அதற்கு அண்ணன் முறை. கட்டி சுத்தமாகப் பிளந்து, பிளவில் தெளிந்த நீர் ஊறினால் பதம். நல்ல முறைதான். ஆனால் ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் மூடிய தொட்டியில் விரலை எங்கே விடுவது? கடிகாரத்தைப் பார்த்து வெட்டுவதுதான் எனக்கு ஆகாது. பருவமும் தீவனமும் மாறினால் பாலின் புரதம் மாறும், உறையும் நேரமும் மாறும். கடிகாரத்துக்கு அது எப்படித் தெரியும்?

அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் பெய்ன் என்பவரும் குழுவினரும் 1990களில் ஒளியிழை வைத்து இதற்கு வழி கண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாலுக்குள் அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறார்கள். கேசின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்ட ஒட்ட, திரும்பும் ஒளி கூடுகிறது. அது மிக வேகமாகக் கூடும் நேரத்தை ஓர் எண்ணால் பெருக்கினால், வெட்ட வேண்டிய நேரம் வந்துவிடும்.

அந்த எண்ணில்தான் சூட்சுமம். கைதேர்ந்தவர் தொட்டுப் பார்த்து "இப்போது வெட்டு" என்று சொல்லும் நேரத்தோடு ஒப்பிட்டுத்தான் அதைச் சரிசெய்ய முடியும். பசும்பாலுக்குப் பொருந்திய எண்ணை எருமைப் பாலுக்கு அப்படியே வைக்க முடியாது. எருமைப் பாலில் கேசினும் சுண்ணாம்புச் சத்தும் கூடுதல். கருவி வந்த மறுநாளே மூத்த ஆளுக்குக் கணக்கு முடித்து அனுப்பும் முதலாளிகளோடுதான் என் சண்டை. ரென்னெட்டை மாற்றினால், புது வகை சீஸ் தொடங்கினால், எண்ணை மறுபடி யார் குறித்துத் தருவார்? எல்லாப் பருவத்துப் பாலையும் பார்த்து முடிக்க ஓராண்டாவது வேண்டும். அதுவரை அவருடைய கத்தியும் அந்த விளக்கும் ஒரே தொட்டியில் இருக்கட்டும்.