தூசி படிந்த கம்பியின் தப்புக் கணக்கு

சிக்னலில் நின்றால் என்ஜின் ஏறி இறங்கித் தள்ளாடுகிறது. மேட்டில் எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்க மறுக்கிறது. வயதான காரில் இப்படி வந்தால் ஸ்பார்க் பிளக், பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிக் காசைக் கரைப்பவர்கள் உண்டு. ஏர் ஃபில்டர் பெட்டியை ஒட்டிய குழாயில் செருகியிருக்கும் காற்றளவு சென்சாரைக் கழற்றிப் பார்க்க அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

அதனுள் இருப்பது சூடேற்றிய மெல்லிய கம்பி, அல்லது ஒரு படலம். ஓடும் காற்று அதைக் குளிரச் செய்யும். சூடு இறங்காமல் வைக்க எவ்வளவு மின்சாரம் பிடிக்கிறது என்பதைக் கொண்டு உள்ளே போகும் காற்றை என்ஜின் கம்ப்யூட்டர் கணக்கிடும். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். கம்பியைத் தூசி மூடிவிட்டால் காற்று அதைக் குளிர்விப்பது குறையும். வருகிற காற்றே குறைவு என்று எண்ணி கம்ப்யூட்டரும் பெட்ரோலைக் குறைத்துவிடும். புகைபோக்கிப் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் இந்தக் குறையைக் கொஞ்ச காலம் ஈடுகட்டும். அதனால்தான் நோய் முற்றிய பிறகே என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது, பெட்ரோல் குறைவு என்று சொல்லும் 'பி0171' கோடு ஸ்கேனரில் வருகிறது.

பாஷ் நிறுவனத்தின் எல்.எச். ஜெட்ரானிக் அமைப்பில் இதற்கு உள்ளேயே வைத்தியம் இருந்தது. 1980களின் வோல்வோ 240 கார்களில், ஓடிச் சூடான என்ஜினை அணைத்த சில நொடிகளில் பிளாட்டினக் கம்பி ஒரே ஒரு நொடி சுமார் 1,000 டிகிரி செல்சியஸுக்குப் பழுத்து, ஒட்டிய அழுக்கை எரித்துவிடும். அழகான ஏற்பாடு! பின்னால் வந்த படல வகை சென்சார்களில் பெரும்பாலும் இது இல்லை. அந்த வேலை இப்போது ஸ்ப்ரே டப்பாவுக்கு.

அந்த டப்பாவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கார்புரேட்டர் கிளீனர் பிளாஸ்டிக்கை அரிக்கலாம்; பஞ்சுக் குச்சி பட்டால் கம்பி அறுந்துபோகும்; கம்ப்ரஸர் காற்றும் ஆகாது. இந்த சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயைத் தள்ளிப் பிடித்து அடித்து, தானாக முழுசாகக் காயவிட்டு மாட்டினால் போதும். கழுவி எண்ணெய் பூசிப் போடும் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் எண்ணெயை அளவோடு பூசுவது நல்லது. மிஞ்சியது நேராகக் கம்பியில் போய் ஒட்டும்.

நம்மூர்ச் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இந்த சென்சாரே கிடையாது. காற்றழுத்தத்தை வைத்தே கணக்கு நடக்கிறது. ஆகவே ஸ்ப்ரே வாங்குமுன் பானட்டைத் திறந்து பார்ப்பது உத்தமம். சுத்தம் செய்த பிறகும் அதே கோடு திரும்பி வந்தால், புது சென்சாருக்குப் பணம் எடுத்து வைக்குமுன் த்ராட்டிலுக்குப் போகும் ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்துப் பார்க்க வேண்டும். பழைய ரப்பர் அங்கேதான் வெடிக்கும். சென்சாரின் கணக்கில் வராத காற்று அந்த வழியாக உள்ளே போகும்.