குறி எங்கே தவறுகிறது?

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் பழகத் தொடங்கிய பிள்ளைகள் கொஞ்ச நாளில் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். நடுவில்தான் குறி பார்க்கிறேன், குண்டு ஏன் கீழே இடப்பக்கம் போகிறது? துப்பாக்கி சரியில்லை என்பதுதான் வீட்டில் உடனே கிடைக்கிற பதில். போட்டித் தரத்து ஏர் பிஸ்டலின் விலை லட்ச ரூபாயைத் தாண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் குடும்பம் ஒன்று அந்தப் பதிலை நம்பிக் கடன் வாங்கிவிடக் கூடாது என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறோம். குமாரலிங்கபுரம் போன்ற ஊரிலிருந்து துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்வருவதே ஒரு நாள் வேலை. அங்கே கிடைக்கும் நேரம் அருமையானது. எதைத் திருத்துவது என்று தெரியாமல் அதைச் செலவழிப்பது பெரிய நட்டம்.

முதலில் டார்கெட்டைப் படிக்க வேண்டும். ஒற்றைத் துளையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எதையும் மாற்றாமல் ஐந்து குண்டு சுட வேண்டும், பிறகு இன்னும் ஐந்து. துளைகள் சிதறிக் கிடந்தால், குறி பார்க்க உதவும் சைட்டைத் தொடவே கூடாது. ஒவ்வொரு குண்டுக்கும் சைட்டின் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தால் கையின் பிழையோடு சைட்டின் பிழையும் கலந்துவிடும். அப்புறம் எது எதனால் வந்தது என்று கோச்சாலும் பிரித்துச் சொல்ல முடியாது. துளைகள் நெருக்கமாக, ஆனால் நடுவை விட்டு ஒரு பக்கமாக விழுந்தால் சைட்டைத் திருத்தலாம். அதற்கும் முன்னால், நன்றாகச் சுடும் இன்னொருவரிடம் அதே பிஸ்டலைக் கொடுத்து ஐந்து குண்டு சுடச் சொல்லுங்கள். அவருக்கு நடுவில் விழுந்தால் பிஸ்டலில் குறையில்லை. ஒரே தவற்றை ஒரே மாதிரி செய்கிற கையும் நெருக்கமான துளைக் கூட்டத்தைத்தான், அதாவது குரூப்பைத்தான், போடும்.

இனி கணக்குக்கு வருவோம். ஏர் பிஸ்டலின் பின்சைட்டுக்கும் முன்சைட்டுக்கும் இடையே ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். டார்கெட் இருக்கும் தூரம் அதைப்போல முப்பது மடங்கு. பின்சைட்டின் பள்ளத்துக்குள் முன்சைட் ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றால் டார்கெட்டில் அது 30 மில்லிமீட்டர் விலகலாகிறது. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், கறுப்பு வட்டம் முழுவதுமே 59.5 மில்லிமீட்டர். ஆக, நடுவைக் குறிவைத்த குண்டு கறுப்பின் ஓரத்துக்குப் போய் ஏழுதான் வாங்கித் தரும். மாறாக, இரண்டு சைட்டும் சரியாகப் பொருந்தியிருக்க, கை மட்டும் மூன்று மில்லிமீட்டர் இப்படியும் அப்படியும் ஆடினால், குண்டும் அதே மூன்று மில்லிமீட்டர்தான் விலகும். அது பத்துக்குள்ளேயே விழும்.

கை ஆடுவதைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளைக்கு இந்த ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுத்தால் போதும், பாதி பயம் போய்விடும். கை ஆடத்தான் செய்யும். ஒலிம்பிக் வீரர்களுக்கும் கொஞ்சம் ஆடும். பொருந்தி நிற்க வேண்டியவை சைட்டுகள் இரண்டும்தான். கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தில்தான் தெளிவாகப் பார்க்கும். அந்தத் தெளிவை முன்சைட்டுக்குக் கொடுத்துவிட்டு, டார்கெட் மங்கலாகத் தெரிந்தால் தெரியட்டும் என்று விட வேண்டும். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். டார்கெட்டை உற்றுப் பார்க்கும்போது முன்சைட் விலகியது அவர்களுக்குத் தெரிவதே இல்லை.

அடுத்தது டிரிகர். விதிப்படி அதற்குக் குறைந்தது 500 கிராம் அழுத்தம் தேவை. பால் கறக்கும்போது விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொள்வது நல்ல பழக்கம், பிஸ்டலில் அதுவே கெடுதல். சுட்டுவிரல் மடங்கும்போது மற்ற மூன்றும் கூடவே இறுகினால் குழல் கீழ்நோக்கிப் போகும். வலக்கைக்காரருக்குக் கீழே இடப்பக்கமும், இடக்கைக்காரருக்குக் கீழே வலப்பக்கமும் குண்டு போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சைட் பொருந்திய நொடியைக் கைவிடக் கூடாது என்ற அவசரத்தில் வெடுக்கென்று இழுப்பதும் இதே தவறுதான். தகுதிச் சுற்றில் 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். ஒரு குண்டுக்கு ஒன்றேகால் நிமிடம் கிடைக்கிறது. நிதானம் வந்த ஏழெட்டு வினாடிக்குள் குண்டு போகவில்லையென்றால் கையை இறக்கி, மூச்சுவிட்டு, மறுபடி தூக்க நேரம் இருக்கிறது. இறக்கத் தெரிந்த பிள்ளை சீக்கிரம் தேறும்.

துப்பாக்கியே பழுதாவதும் உண்டு. 2021 ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கருக்கு அதுதான் நேர்ந்தது. தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டல் மக்கர் செய்ய, அதைச் சரிசெய்வதிலேயே பல நிமிடங்கள் போயின. இரண்டு புள்ளிகளில் இறுதிச்சுற்று கைநழுவியது. ஆனால் அது எப்படிப்பட்ட பழுது என்று பாருங்கள். பிஸ்டல் வேலை செய்யாமல் நின்றது, எல்லோருக்கும் தெரிந்தது. குண்டைச் சத்தமில்லாமல் இடப்பக்கம் தள்ளிவிடுகிற ரகம் அல்ல அது. மூன்றாண்டு கழித்து, 2024 ஜூலை 28 அன்று பாரிசில் 221.7 புள்ளிகளோடு வெண்கலம் வாங்கி, ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.

நம் பக்கத்து வெயிலையும் சொல்லியாக வேண்டும். திறந்தவெளி ரேஞ்சில் சூரியன் ஒரு பக்கமாக அடித்தால் முன்சைட்டின் ஒரு விளிம்பு மட்டும் பளபளக்கும், கண் அதன் நடுவைத் தவறாக எடுத்துக்கொள்ளும். காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் குரூப் நகர்ந்தால் முதலில் வெளிச்சத்தைச் சந்தேகியுங்கள். உள்ளரங்கம் என்றால், வெயிலிலிருந்து வந்ததும் கண் பழகக் கொஞ்ச நேரம் உட்காருங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், கை நீட்டும் தூரத்தில் முன்சைட் தெளிவாகத் தெரியும்படி கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

கண்ணையும் விரலையும் பழக்க ரேஞ்ச் வேண்டியதில்லை. குண்டில்லாத பிஸ்டலை வெள்ளைச் சுவரை நோக்கி நீட்டி, முன்சைட் அசையாமல் டிரிகரை அழுத்திப் பழகினால் போதும். இதை டிரை ஃபயர் என்கிறார்கள். போட்டி பிஸ்டல்கள் பலவற்றில் இதற்கென்றே வசதி உண்டு. பெல்லெட் டப்பா வேறு அறையில் இருக்க வேண்டும். பிஸ்டல் காலி என்று ஒவ்வொரு முறையும் திறந்து பார்க்க வேண்டும், ஆள் இருக்கும் திசையில் ஒருபோதும் நீட்டக் கூடாது. 20 ஜூலுக்குக் குறைந்த 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டலுக்கு ஆயுத லைசென்ஸ் தேவையில்லை என்பதற்காக அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. கண்ணைப் பறிக்கிற வலு அதற்கு உண்டு.

பிறகு ரேஞ்சுக்குப் போகும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுட்டதும் டார்கெட்டைப் பார்க்காமல், குண்டு எங்கே போயிருக்கும் என்று முதலில் எழுதுங்கள், அப்புறம் பாருங்கள். எழுதியதும் துளையும் ஒத்துப்போனால் உங்கள் கண் முன்சைட்டில்தான் இருந்திருக்கிறது. ஒத்துப்போகாமல் துளைகள் சிதறினால், கண் பார்க்காத நேரத்தில் விரல் ஏதோ செய்திருக்கிறது என்று பொருள். எழுதிய இடத்திலிருந்து எல்லாத் துளையும் ஒரே அளவு, ஒரே பக்கம் தள்ளியிருந்து, இன்னொருவர் சுட்டாலும் அப்படியே விழுந்தால், அன்றைக்கு சைட்டின் திருகைத் திருப்பலாம்.